எட்டு வாரத் தன்பரிவுப் பயிற்சி: காசு கொடுத்துச் சேரலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களும் இருப்பார்கள். 'மைண்ட்ஃபுல் செல்ஃப் கம்பேஷன்', சுருக்கமாக எம்எஸ்சி (பட்டப்படிப்பு அல்ல), எட்டு வாரப் பயிற்சி, ஆன்லைனில் எடுத்தேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தன்னைத் தானே ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால், வாரத்தில் ஒரு மாலையை யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஒதுக்க முடியும் என்றால், தாராளமாகச் சேரலாம். 'உன்னால் முடியும்' ரகத் தன்னம்பிக்கை வகுப்பு என்று நினைத்துச் சேர்ந்தால் இரண்டாவது வாரமே எரிச்சல் வரும். மனச்சோர்வு முற்றி, இப்போதுதான் மருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் இது இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிறிஸ்டின் நெஃப், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். தன் மேல் தானே காட்டும் பரிவை அளந்து பார்க்க முடியும் என்று 2003ல் 26 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டவர். இன்னொருவர் கிறிஸ்டோபர் ஜெர்மர், மனநலச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர். இவருக்கு மேடையில் பேசுவதென்றால் பல வருடம் நடுக்கம், தியானம் செய்தும் போகவில்லை, நடுங்குகிற தன்னிடமே கொஞ்சம் அன்பாக இருக்கப் பழகிய பிறகுதான் அடங்கியது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மேடையேறப் பயப்படுகிற மனநல நிபுணர் என்றதும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து 2010ல் இந்தப் பயிற்சியை அமைத்தார்கள். எட்டு வாரம் என்ற சட்டகம் இவர்களுடையது அல்ல, ஜான் கபாட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியிலிருந்து வந்தது.

நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. நகைக்கடன், கல்விக்கடன், அப்புறம் மேனேஜர் லீவு போட்டால் அவர் வேலையும். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஸ்கேல் டூ பதவி உயர்வுக்கு இன்டர்வியூ போய், வராமல் போய், என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் வேறு ஊர்களில் மேனேஜராகிவிட நான் மட்டும் அதே நாற்காலியில். இது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ராத்திரி. படுத்தால் அன்று பேசியதெல்லாம் திரும்ப ஓடும்: அந்தக் கஸ்டமரிடம் ஏன் அப்படி வழிந்தாய், மீட்டிங்கில் வாயைத் திறந்து அதைச் சொல்லாவிட்டால் குடி முழுகியா போயிருக்கும், உனக்கெல்லாம் எதற்கு ஸ்கேல் டூ. வெளியே யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருநாள் டீ குடிக்கும்போது, "நீ உன்னையே பேசிக்கிற மாதிரி வேற யாராச்சும் உன்னைப் பேசியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன்டி" என்றாள். அவள்தான் இந்தப் பயிற்சியின் சுட்டியையும் அனுப்பினாள்.

வேடிக்கை என்னவென்றால் முதல் வாரப் பயிற்சியே அதுதான். நெருங்கிய தோழி ஏதோ ஒன்றில் தோற்றுப்போய் உங்களிடம் வருகிறாள், என்ன சொல்வீர்கள், எந்தக் குரலில் சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அடுத்து, அதே தோல்வி உங்களுக்கு வந்தால் உங்களிடம் என்ன சொல்லிக்கொள்வீர்கள் என்று எழுத வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று நம்ப முடியாது. இந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் மிச்ச ஏழு வாரமும்.

நெஃப் இதற்கு மூன்று பகுதிகள் சொல்கிறார். கஷ்டம் வந்திருக்கிறது என்பதை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனிப்பது. இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, மனுஷராய்ப் பிறந்த எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துப் பார்ப்பது. அப்புறம் தன்னிடம் கனிவாக இருப்பது. நான் சேர்ந்தது மூன்றாவதற்காக. எனக்கு உண்மையில் வேலை செய்தது இரண்டாவது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், வாரம் ஒருமுறை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஜூமில். இரண்டு பயிற்சியாளர்கள். எங்கள் குழுவை நடத்தியவர்கள் ஐரோப்பாவில் இருந்ததால் அவர்களுடைய மதியம் நமக்குச் சாயங்காலமாக அமைந்தது. அமெரிக்கக் குழுவில் சேர்ந்திருந்தால் நடுராத்திரியில் உட்கார வேண்டியிருந்திருக்கும், கவனித்துச் சேருங்கள். கொஞ்சம் விளக்கம், ஒரு தியானம், ஒரு எழுத்துப் பயிற்சி, பிறகு இரண்டு மூன்று பேராகத் தனி அறைகளில் பிரித்துவிடுவார்கள், திரும்ப வந்து பொதுவில் பேச்சு. தினமும் அரை மணி நேரம் வீட்டுப் பயிற்சி. ஐந்தாவது வாரத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில் அரை நாள் மௌனம். அங்கே பேசுவது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, ஆகவே இங்கே என் கதை மட்டும்தான் வரும், மற்றவர்கள் கதை வராது.

முதல் வாரத்திலேயே ஒரு சின்னப் பயிற்சி கொடுப்பார்கள். ஏதாவது சுருக்கென்று பட்டால் அந்த இடத்திலேயே நின்று, நெஞ்சில் கை வைத்து, மூன்று வாக்கியம் சொல்லிக்கொள்வது. அவர்கள் கொடுத்த ஆங்கில வாக்கியங்கள் எனக்கு ஒட்டவில்லை, சர்ச்சில் பிரார்த்தனை செய்வதாகவே தோன்றியது. உங்கள் சொந்த வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள் என்று மூன்றாவது வாரத்தில் அவர்களே சொன்னார்கள், நான் எனக்கு இப்படி வைத்துக்கொண்டேன்: "கஷ்டமாத்தான் இருக்கு. எல்லாருக்கும் இது உண்டு. சரி, கொஞ்சம் பொறு." முதல் தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது ஹாலிலிருந்து அம்மா, "யாருகிட்டடி பேசிக்கிட்டிருக்க, போன் இங்க இருக்கே?" என்றார். அதிலிருந்து மனதுக்குள்தான்.

நெஞ்சில் கை வைப்பது பலருக்குச் சினிமாத்தனமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதற்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் வைக்கலாம், கைகளைக் குறுக்காகக் கட்டி மேல்கையைத் தடவலாம், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபீஸுக்கு ஏற்றது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது மேஜைக்குக் கீழே என் கையை நானே பிடித்துக்கொண்டிருப்பேன், யாருக்கும் தெரியாது. இதற்குப் பின்னால் பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் கருத்து இருக்கிறது: ஆபத்தைக் கண்டு துடிப்பது, வேண்டியதைத் துரத்துவது, ஆறுதலில் அடங்குவது என்று மனதுக்கு மூன்று இயக்கங்கள், தன்னைத் திட்டிக்கொள்ளும்போது தாக்குகிறவரும் நாமே, தாக்கப்படுகிறவரும் நாமே, ஆகவே முதல் இயக்கம் ஓய்வதே இல்லை. இதமான தொடுகையும் மென்மையான குரலும் மூன்றாவதை எழுப்புமாம். குழந்தைக்கு அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோம், பெரியவர்களுக்கு ஏன் செய்யாது என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது வாரத்துக்கு ஒரு சின்னக் கல் எடுத்துவரச் சொன்னார்கள். எல்லோரும் பளபளவென்று ஏதேதோ கொண்டுவந்திருந்தார்கள், நான் பழைய அஞ்சாங்கல் ஒன்றை எடுத்துப் போனேன். மனம் எங்காவது ஓடினால் கல்லைத் தொட்டு அதன் சொரசொரப்பில் கவனத்தை வைப்பது, அவ்வளவுதான். இன்னொன்று, எழுந்து நின்று உள்ளங்காலில் கவனத்தை வைப்பது. இரண்டுக்கும் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரமே தேவைப்பட்டது.

ஏனென்றால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, விளம்பரத்தில் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. தன்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தால் பலருக்கு அழுகைதான் வரும். தீயணைப்பு வீரர்களிடமிருந்து ஒரு பெயரை எடுத்து இதற்கு வைத்திருக்கிறார்கள், 'பேக்டிராஃப்ட்'. உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அறையின் கதவைத் திறந்தால் புதுக் காற்று புகுந்து தீ குபுக்கென்று வெளியே பாயுமே, அது. வருடக்கணக்காக அன்பு கிடைக்காத இடத்தில் அன்பு நுழையும்போது, கிடைக்காமல் போனதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். எனக்கு மூன்றாவது வார வகுப்பில், 'எனக்கு இப்போது என்ன கேட்க வேண்டும், யாராவது என் காதில் என்ன சொன்னால் நன்றாயிருக்கும்' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது வந்தது, கேமராவை அணைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன். அப்போதுதான் உள்ளங்கால், கல் எல்லாம். பயிற்சியாளர்கள் இதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள், 'அதிகமானால் பயிற்சியை நிறுத்திவிட்டு டீ போட்டுக் குடியுங்கள், அதுவும் பயிற்சிதான்' என்றார்கள். இந்த இடத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண். ஆனால் மனநிலை ஏற்கெனவே சரிந்துகொண்டிருப்பவர் தனியறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இதைத் தாங்குவது கடினம், அதனால்தான் மேலே வேண்டாம் என்றேன். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் இருக்கிறது, 14416, இலவசம், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நான்காவது வாரம்தான் இந்தப் பயிற்சியின் உயிர். உள்ளே திட்டுகிற குரலை எதிரியாகப் பார்க்காமல், அது என்ன செய்யப் பார்க்கிறது என்று விசாரிக்கச் சொல்கிறார்கள். என்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் திட்டிக்கொள்ளும் ஒரு பழக்கத்தை எடுத்து, அந்தக் குரல் சொல்வதை அப்படியே எழுதி, அந்தக் குரலுக்கு என்ன பயம் என்று கேட்டுப் பார்ப்பது. எழுத எழுத எனக்குப் புரிந்தது, அந்தக் குரலின் வார்த்தைகள் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு வார்த்தைகள். தொண்ணூற்றேழு மார்க் வாங்கி வந்தால் மூன்று எங்கே போனது என்று கேட்கும் வீடு. பிள்ளையை அதன் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று பயந்த வீடு, அதனால் புகழ்ச்சி எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் போகும். அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியதெல்லாம் அவருடைய நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் இவள் தலைகுனிந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் பயம், இப்போது அந்தப் பயத்தை நானே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரத்தில் அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது.

இங்கே எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: திட்டிக்கொள்வதை விட்டுவிட்டால் சோம்பேறியாகிவிட மாட்டோமா? 2012ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் செய்த சோதனை ஒன்றை எடுத்துச் சொன்னார்கள். கடினமான சொல்லறிவுத் தேர்வு வைத்து எல்லோரையும் சொதப்ப விட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும் 'இது எல்லோருக்கும் கஷ்டம்தான், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்' என்ற மாதிரிப் பேசி, பிறகு அடுத்த தேர்வுக்குப் படிக்க விட்டார்கள். கனிவாகப் பேசப்பட்டவர்கள்தான் கூடுதல் நேரம் படித்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இன்டர்வியூவில் தவறிய பிறகு நான் அந்தக் கேள்விகளைத் திரும்ப எடுத்துக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தாலே எரிந்தது. இந்தப் பயிற்சிக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன்.

அரை நாள் மௌனம் எனக்கு ஒத்துவரவில்லை. மாடியில் மெதுவாக நடந்து, செடியைப் பார்த்து, காற்றை உணர்ந்து என்று சொன்னார்கள். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டு வத்தல் காய்ந்துகொண்டிருந்தது, காக்கையை விரட்டச் சொல்லிக் கீழேயிருந்து குரல். குளிர்ந்த தேசத்தில் தோட்டத்துடன் வீடு வைத்திருப்பவர்களுக்கு எழுதிய பயிற்சி அது.

இப்போது ஏழாவது வாரம். கோபம், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பாடம். பழைய மனஸ்தாபம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், ரொம்பப் பெரிய காயமாக இருக்கக் கூடாது, நடுத்தரமானதாக எடுங்கள் என்பார்கள். எனக்குக் குழந்தை இல்லை. இந்த ஒரு வரியைப் படித்ததுமே தமிழ் வாசகர்களுக்கு மிச்சம் புரிந்திருக்கும். நான் எடுத்தது சித்தி மகளின் வளைகாப்பு. வளையல் போடும் வரிசையில் நின்றவளைப் பெரியம்மா தோளைத் தொட்டு, "நீ இப்படி உக்காரும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். கூப்பிடவில்லை. ரொம்ப இதமாகச் சொன்னார், அதனால் சண்டை போடவும் வழியில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எனக்குத்தான் முதலில் இலை போட்டார்கள்.

பயிற்சி சொல்கிறபடி முதலில் கோபத்துக்கு இடம் கொடுத்தேன், அது நியாயமானதுதான் என்று எழுதினேன். கோபத்துக்கு அடியில் பார்த்தால் அவமானம், அதற்கும் அடியில் தனிமை. அதற்கும் கீழே என்ன தேவை நிறைவேறாமல் கிடக்கிறது என்ற கேள்விக்கு 'குழந்தை' என்றுதான் பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அது இல்லை. என்னையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அந்த ஆளிடமிருந்து எதைக் கேட்க விரும்பினீர்களோ அதை நீங்களே உங்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். "நீயும் இந்த வீட்டுப் பொண்ணுதான். வா, வந்து வளையல் போடு." எழுதி வைத்த தாள் இன்னும் இருக்கிறது.

நானே சொல்லிக்கொண்டது பெரியம்மா சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதற்கு ஈடாகுமா என்றால், ஆகாது. பயிற்சியாளரிடம் நேராகவே கேட்டேன், அவரும் ஆகாது என்றுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மூன்று பேர் அறையில் இதை நான் பாதி ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது, வளைகாப்பு என்றால் என்னவென்றே தெரியாத மற்ற இரண்டு பேரும் விளக்கம் கேட்காத ஒரே விஷயம் என்னை உட்காரச் சொன்னது. அது அவர்களுக்கு உடனே புரிந்தது. அவர்களுக்கும் அப்படி ஒரு வரிசை இருந்திருக்கிறது, எது என்று இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை. எல்லோருக்கும் உண்டு என்று முதல் வாரத்திலிருந்து வாயால் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அந்த நிமிஷம்தான் உள்ளே இறங்கியது. என்னிடம் ஏதோ குறை, அதனால்தான் நான் வெளியே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நிற்கிறவர்களின் கூட்டம் இவ்வளவு பெரியது என்றால் எது வெளி, எது உள்ளே என்று குழப்பமாகிவிட்டது, நல்ல குழப்பம்.

இதைத்தான் செயலிகள் தர முடியாது என்கிறேன். தியானச் செயலிகளில் இதே பயிற்சிகள் இருக்கின்றன, நெஃப் தன் இணையதளத்தில் தியான ஒலிப்பதிவுகளை இலவசமாகவே வைத்திருக்கிறார். முதல் மூன்று வாரப் பாடங்களுக்கு அவையே போதும், காசு மிச்சம். ஆனால் 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணத்தைத் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக் கலைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிரில் இன்னொரு முகம் வேண்டும்.

நம்மூருக்கு இது ஒத்துவருமா, வெள்ளைக்காரர்களுக்குச் செய்தது ஆயிற்றே என்று தோழி ஒருத்தி கேட்டாள். நெஃபும் சகாக்களும் 2008ல் அமெரிக்கா, தாய்லாந்து, தைவான் மூன்று நாட்டு மாணவர்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். தாய்லாந்துக்காரர்களிடம் தன்பரிவு அதிகம், தைவானில் குறைவு, அமெரிக்கா நடுவில். இரண்டும் ஆசியாதான், இரண்டிலும் குடும்பம் பெரிதுதான். ஒன்றில் பௌத்தம் அன்றாட வாழ்க்கையில் ஊறியிருக்கிறது, இன்னொன்றில் தன்னைக் குறை கண்டு திருத்திக்கொள்வது நல்ல வளர்ப்பு என்று கருதுகிறார்கள். நமக்கு எது கிட்டத்தில் என்று நீங்களே பாருங்கள், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை, தைவான்.

ஆராய்ச்சி பற்றி ஒரு எச்சரிக்கையும். 2013ல் இந்தப் பயிற்சியைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது, பலன் ஓராண்டு கழித்தும் நின்றதாகச் சொல்கிறது. ஆனால் ஆட்கள் ஐம்பது சொச்சம்தான், ஆய்வு செய்தவர்களும் பயிற்சியை உருவாக்கியவர்களே. அந்த 26 கேள்விகளில் பாதி, நீங்கள் உங்களை எவ்வளவு கடுமையாகத் தீர்ப்பளிக்கிறீர்கள், எவ்வளவு தனிமையாக உணர்கிறீர்கள் என்று எதிர்த் திசையிலிருந்து கேட்பவை, அப்படிக் கேட்டால் மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் வருவதில் என்ன அதிசயம் என்று பீட்டர் மியூரிஸ் முதலான உளவியலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது. அறிவியல் நிரூபித்துவிட்டது என்று யாராவது ஒரேயடியாக அடித்துப் பேசினால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஆங்கிலக் கவிதை வாசிப்பார்கள், வாசித்துவிட்டு அமைதியாக இருப்பார்கள், அந்த அமைதியில் நான் ராத்திரிக்கு என்ன டிபன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வாரம் நன்றி பாராட்டுவது, தன்னிடம் உள்ள நல்லதைப் பாராட்டுவது என்று இனிப்பாக முடித்துவிடுகிறார்கள், ஏழாவது வாரத்தின் கனத்துக்குப் பிறகு அது அவசரம். தனியறைகளில் ஒருவர் மனதைத் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் அறுபது விநாடி என்று திரையில் எண்ண ஆரம்பித்துவிடும், பாதி வாக்கியத்தில் திரும்பப் பொதுவறையில் வந்து விழுவோம். இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவர் தாளைப் பார்த்தே படித்தார். நான் பதிவு செய்த தளமும் பணம் கட்டிய அன்றிலிருந்து அடுத்த பயிற்சிக்கு விளம்பர மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த கையோடு உன்னிடம் இன்னும் என்ன குறை என்று அடுத்த மெயில். கட்டணமும் குறைவில்லை, நம் சம்பளத்துக்கு யோசித்துத்தான் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சலுகை உண்டா என்று கேட்டால் சிலர் தருகிறார்கள், கேட்காமல் தருவதில்லை.

பெரிய குறை வேறு. உள்ளே என்ன செய்வது என்று எட்டு வாரம் சொல்லித் தருகிறார்கள், வரிசையிலிருந்து விலக்கிய வழக்கத்தை என்ன செய்வது என்பதற்கு நேரம் மிகக் குறைவு. பரிவு என்றால் தடவிக் கொடுப்பது மட்டும் அல்ல, தடுத்து நிறுத்துவதும் முடியாது என்று சொல்வதும்தான் என்று நெஃப் பின்னாளில் நிறையவே பேசியிருக்கிறார், அந்தப் பகுதி இந்தப் பயிற்சியில் ஓரமாகத்தான் இருக்கிறது. மிச்சத்தை நானே செய்துகொண்டேன். அடுத்து ஒரு வளைகாப்பு அழைப்பு வந்தபோது உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாமல், போன தடவை இப்படி நடந்தது பெரியம்மா, அதனால் வரவில்லை என்று சொல்லியே போகாமல் இருந்தேன். அவருக்குக் கோபம், இன்னும் பேசவில்லை. ராத்திரி விசாரணையும் நின்றுபோகவில்லை, வருகிறது, ஆனால் இப்போதெல்லாம் பாதியில் தூங்கிவிடுகிறேன். ஸ்கேல் டூவுக்கு இந்த முறையும் விண்ணப்பித்திருக்கிறேன்.

சேர்வதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துபவரிடம் சிலது கேட்டுவிடுங்கள். குழுவில் எத்தனை பேர், இருபத்தைந்துக்கு மேல் என்றால் தயங்குங்கள். வகுப்பு நடுவில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் தனியாகப் பேச இரண்டாவது பயிற்சியாளர் இருக்கிறாரா. சேரும் முன் உங்கள் மனநலம் பற்றி விசாரிக்கிறார்களா, விசாரிக்காமல் பணத்தை மட்டும் வாங்குகிறவரிடம் போகாதீர்கள். தனியறையில் தமிழ் பேசுகிற இன்னொருவரோடு சேர்த்துவிட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், எனக்கு அது தோன்றவில்லை, ஆனால் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் வாய்க்கும். இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள், இதை நடத்தச் சான்றிதழ் பெற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.